ஓக் இலைகளுக்குள் ஒரு காபூன் விரியன்

அன்றைக்கு விஷப்பாம்பு அறையில் இருந்தது இரண்டு பேர். ஒன்று நான், மற்றது என்னோடு வேலை செய்த தமிழ்நாட்டுக்காரன் செந்தில். எங்கள் பொறுப்பாளர் ஹெலன் இல்லை. பேர்த்தில் இருந்து மெல்பேணுக்கு வரும் விமானத்தில் இருந்தார், கைத்தொலைபேசி அணைத்திருந்தது. மிருக வைத்தியரும் இல்லை. அவர் வருவது செவ்வாயும் வெள்ளியும், அன்று புதன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஓக் இலைகளுக்குள், அவள் இருந்தாள். இதை முதலே எழுதி வைக்கிறேன். பிறகு விசாரிக்க வந்த எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான்.

விலங்குப் பராமரிப்புப் படிக்கிற இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். "அண்ணா, எங்களுக்குத் தெரிஞ்சு உங்களைத் தவிர அந்த வேலைக்குப் போன தமிழ் ஆக்கள் ஆருமில்லை. சங்க மலருக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ" என்றார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. ஓய்வு பெற்றவன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனாலும் அந்த வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன்தான், டொக்டர் கையெழுத்துப் போட்ட கடிதமும் இருக்கிறது. பாம்பு உரித்த சட்டைத் தூளும் காய்ந்த விஷத்தூளும் மூக்கில் போகப் போக, சிலருடைய உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கும். எனக்கு இப்போது ஒரு சட்டைத் துண்டு கிட்ட வந்தாலே தொண்டை இறுகும். ஆகவே கிரெய்கிபர்னில் ஒரு குடோனில் பெட்டி அடுக்குகிறேன். நல்ல வேலை, நல்ல மனிதர்கள். ஆனால் அங்கே எதற்குள்ளும் எதுவும் ஒளிந்திருப்பதில்லை.

2009இல் படகில் வந்தவன் நான். கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமில் இருந்த மாதங்களை இங்கே எழுதவில்லை, அது வேறு கதை. வெளியில் விட்டதும் மெல்பேணுக்கு வடக்கே உள்ள ஓர் ஊர்வன நிலையத்தில் கூடு கழுவுகிற வேலை கிடைத்தது. முதல் எட்டு மாதம் எலி வளர்த்தேன், கண்ணாடி துடைத்தேன், தண்ணீர்ச் சட்டி மாற்றினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான், உயர்தரத்தில் உயிரியல் படித்தவன். மன்னாரில் இருக்கும் அப்பாவுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன்.

"என்ன வேலை எண்டனி?"

"பாம்பு பாக்கிற வேலை அப்பா."

"அதுக்கோடா உன்னைப் படிப்பிச்சனான்? இஞ்ச சும்மாவே பாக்கலாமே!"

இரண்டாம் வருஷம் சான்றிதழ் எடுத்து, விஷப்பாம்பு அறைக்குள் போக அனுமதி பெற்றேன். அங்கே நான் முதலில் பார்த்தது அவளை. பார்த்தது என்று சொல்வது பிழை. அவள் இருந்த கூட்டைப் பார்த்தேன்.

காபூன் விரியன் ஆபிரிக்கக் காட்டுப் பாம்பு. மனிதரின் தொடை அளவு பருமன். நஞ்சுப்பல் ஏறக்குறைய என் சுண்டுவிரல் நீளம், அதைவிட நீளமான பல் வேறு எந்தப் பாம்புக்கும் இல்லை. ஆனால் அதற்கு எங்கேயும் ஓடுகிற எண்ணம் கிடையாது. காட்டில் உதிர்ந்த இலைகளுக்குள் படுத்திருக்கும். முதுகில் வெளிறிய மண்நிறக் கட்டங்கள், பக்கத்தில் ஊதாவும் கபிலமுமாக முக்கோணங்கள். தலை, காய்ந்து விழுந்த ஒரு பெரிய இலை, நடு நரம்பு கூட இருக்கும், மூக்கு நுனியில் சின்னதாக இரண்டு கொம்பும். தனியாக எடுத்து மேசையில் வைத்தால் கண்ணைப் பறிக்கிற நிறங்கள். இலைக்குள் வைத்தால் இல்லாமல் போய்விடும்.

இந்த நாட்டு யூக்கலிப்டஸ் இலை அவளுக்குச் சரிவராது. ஒடுக்கமும் சாம்பல் நிறமுமான அதற்குள் அவள் அப்பட்டமாகத் தெரிவாள், தெரிந்தால் சாப்பிட மாட்டாள், மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி இருப்பாள். அதனால் வருஷா வருஷம் ஏப்ரலில் நகரப் பூங்காக்களில் ஓக் இலை பொறுக்குவோம். இருபது, இருபத்தைந்து குப்பைப் பைகள். கொண்டுவந்து, பூச்சி சாக உறைபெட்டியில் ஒரு கிழமை வைத்து, பிறகு காயவிடுவோம். ஒருமுறை நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்க, கோயிலில் தெரிந்த ஒரு அன்ரி கார்க் கண்ணாடியை இறக்கினா.

"தம்பி, கவுன்சில் வேலையோ? பெர்மனென்ரோ?"

"இல்லை அன்ரி, பாம்புக்கு."

அன்ரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டா. அதற்குப் பிறகு ஒரு வருஷம் எனக்குப் பெண் பேசிய இடங்களில் எல்லாம் இந்தக் கதை எனக்கு முதல் போய் நின்றது.

ஹெலனைப் பற்றி எழுத வேண்டும். ஐம்பது வயதிருக்கும். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பாம்புகளுக்குப் பெயர் வைக்க விடமாட்டார், எண் மட்டும்தான். செந்தில் அவர் இல்லாத நேரத்தில் இவளை "மகாராணி" என்பான். ஹெலனுக்கு அது தெரியும், கேளாத மாதிரி இருப்பார். ஒரு வேலையை எப்படிச் செய்வதென்று கேட்டால் வாயால் சொல்லமாட்டார். எழும்பி வந்து ஒருமுறை செய்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடுவார்.

அவர் ஏற்படுத்திய ஒழுங்கு ஒன்று வேறெங்கும் இருக்கிறதா எனக்குத் தெரியாது. அவளுடைய கூட்டைத் திறக்க முதல் இரண்டு பேர் ஆளுக்கொரு சிலேட்டுடன் கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டும். கூட்டின் தரையை மணிக்கூட்டின் முகம் போல நினைத்து, தலை எத்தனை மணியில் இருக்கிறது என்று எழுத வேண்டும். பேசக்கூடாது, கை காட்டக்கூடாது. இரண்டு சிலேட்டிலும் ஒரே எண் இருந்தால்தான் பூட்டில் கை வைக்கலாம். ஏன் பேசக்கூடாது என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"மற்றவர் காட்டிவிட்டால் நீ பார்ப்பதை நிறுத்திவிடுவாய்" என்றார்.

ஒரு காலை நானும் செந்திலும் நாலு என்று எழுதினோம். இரண்டு சிலேட்டும் நாலு. செந்தில் சாவியை எடுத்துவிட்டான். வாசலில் நின்ற ஹெலன் ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தார். "தேநீர் குடித்து முடிக்கும் வரை பொறுங்கள்." இருபது நிமிஷம் இருந்திருப்போம். பிறகு பதினொரு மணியில், நான் இலை என்று நினைத்துக் கண்ணால் கடந்துபோன ஓர் இலையில் இருந்து ஒரு நாக்கு வெளியே வந்து திரும்பிப் போனது. நாலு மணியில் கிடந்தது உண்மையான இலை. ஹெலன் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. சுவரில் இருந்த ஒழுங்குத் தாளில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: ஒரே எண் போதாது, நாக்கையோ மூச்சையோ கண்டிருக்க வேண்டும்.

அப்படி நின்று பார்த்த அந்த நிமிஷங்களைத்தான் நான் இன்றைக்கும் தேடுகிறேன். பாம்பின் மேல் ஆசையா என்று கேட்பார்கள். ஓம், ஆசைதான். ஆனால் அதைவிட, ஒன்றும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க, கடைசியில் அது கண்ணும் கொம்புமாக நம்மைத் திருப்பிப் பார்க்கிற அந்தக் கணம். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் பார்த்ததில்லை, என்னையும் எதுவும் பார்த்ததில்லை.

2012 குளிர்காலத்தில் வேறொரு நிலையத்தில் இருந்து ஓர் ஆண் பாம்பைக் கடனாக எடுத்து ஏழு கிழமை அவளுடன் வைத்திருந்தோம். அடுத்த பெப்ரவரியில் வைத்தியர் கருவியை அவள் வயிற்றில் வைத்து, திரையில் மணிமாலை மாதிரி வரிசையாக நின்ற வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார். விரியன் முட்டை இடாது, குட்டி போடும். ஏப்ரல் கடைசி அல்லது மே என்று கணக்குச் சொன்னார். ஹெலன் அன்றைக்குச் செய்த ஒரே ஆர்ப்பாட்டம், எல்லாருக்கும் தன் செலவில் மீனும் சிப்ஸும் வாங்கியது. நான் சின்னக் கூடுகள் செய்யத் தொடங்கினேன். நாற்பது செய்தேன். செந்தில், "பிரசவ ஆஸ்பத்திரியே கட்டிட்டியேடா" என்றான்.

அடுத்த மாதம் அந்தப் புதன் வந்தது.

இங்கே ஒரு விஷயம் விளங்க வேண்டும். வெளிநாட்டு விஷப்பாம்பு வைத்திருக்கிற நிலையம் அதற்கான எதிர்மருந்தையும் தானே வைத்திருக்க வேண்டும். இந்த நாட்டு மருத்துவமனைகளில் அது இல்லை. தென்னாபிரிக்காவில் இருந்து வரவேண்டும், சொல்லிவைத்தால் நாலு மாதம். காலாவதியாகாத ஆறு குப்பியாவது குளிர்ப்பெட்டியில் இருந்தால்தான் அவளை வைத்திருக்க அனுமதி. ஆறுக்குக் குறைந்தால் பதினாலு நாள் தவணை. அதற்குள் நிரப்பாவிட்டால் பாம்பைக் கொல்ல வேண்டும். எங்களிடம் பதினாறு இருந்தது.

காலையில் சிட்னியின் மேற்கில் ஒரு மருத்துவமனையில் இருந்து அழைப்பு வந்தது. ஒரு ஆள் சட்டவிரோதமாகக் கார்க் கொட்டகைக்குள் காபூன் விரியன் வளர்த்திருக்கிறான், அது பெருவிரலில் கடித்துவிட்டது. பேர்த் விமான நிலையத்தில் நின்ற ஹெலனைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். "பத்து அனுப்பு. ஆறு இருக்கட்டும். நான் இறங்கும் வரை அந்த ஆறைத் தொடாதே" என்றார். பத்தையும் எஸ்கி என்கிற ஐஸ் பெட்டியில் அடுக்கி, ஐஸ் குப்பியில் படாமல் துணி சுற்றி, வெப்ப அட்டையை உள்ளே வைத்து, பொலிஸ் காரில் விமான நிலையத்துக்கு ஏற்றினோம். வெப்ப அட்டை என்பது பஸ் டிக்கெட் அளவு ஒரு கார்ட். வழியில் அறைச் சூட்டைத் தாண்டிச் சூடு ஏறினால் அதன் நடுப்புள்ளி சிவக்கும், பிறகு வெள்ளையாகாது. அட்டை வெள்ளையாக வந்தால்தான் மருந்து மருந்து.

மத்தியானம் இரண்டு மணி தாண்டித் தொலைபேசி திரும்பவும் அடித்தது. அதே டொக்டர். காலையில் ஆங்கிலத்தில் பேசியவர், என் பெயரை வாசித்திருக்க வேண்டும்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம் டொக்டர்."

"எனக்குத் தமிழ் கொஞ்சம் ஸ்லோ, அம்மா யாழ்ப்பாணம். பத்தும் குடுத்திட்டம். பிளட் இன்னும் உறையேல்ல. வீக்கம் தோள் வரைக்கும் வந்திட்டுது. உங்களிட்ட இன்னும் இருக்கோ?"

"ஆறு இருக்கு."

"அனுப்பேலுமோ? பொலிஸுக்குச் சொல்லிட்டன், உங்கட கேட்டுக்கு வருவினம்."

"கட்டாயம் தேவையோ டொக்டர்?"

"எனக்குத் தெரியாது அண்ணா. தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். இந்தக் கடியை நான் முதல் முறையா பாக்கிறன். ஆளின்ர வைஃப் வெளியில நிக்கிறா. அவவுக்கு என்ன சொல்ல?"

செந்தில் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆறைத் தொடாதன்னுதானே சொன்னாங்க?"

"ஓம்."

"அவங்க நாலரைக்கு இறங்கிடுவாங்கடா. ரெண்டு மணி நேரம். கேட்டுட்டு அனுப்பலாம்."

"மூண்டரை பிளைட்டை விட்டு, அவவைக் கேட்டு அனுப்பினா ஆறு மணிப் பிளைட்தான். சிட்னி போய்ச் சேர எட்டாகும்."

"அவன் எவனோ திருட்டுத்தனமா வளர்த்தவன். மாட்டிக்கிட்டான். மகாராணி என்னடா தப்பு பண்ணா? வயித்துல பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இருக்கா."

"அவள் ஒரு பிழையும் செய்யேல்ல."

"அப்புறம்?"

"மருந்து கடிபட்ட கைக்குத்தானே செந்தில். அது எங்கட கையா இருக்கோணும் எண்டு எங்கேயும் எழுதியில்லை."

"நல்லா பேசு" என்றான். பிறகு இன்னொரு எஸ்கியை எடுத்து வந்து மேசையில் வைத்தவனும் அவன்தான். "பேரு உன் பேரைப் போடு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கேட்டில் பொலிஸ்காரர் ஹோர்ண் அடித்துக்கொண்டிருந்தார். குப்பிகளை அடுக்கினேன், துணி சுற்றினேன், ஒரு கையால் பதிவேட்டில் எண்களை எழுதினேன். மூடி, நாடா ஒட்டி, ஓடினேன். திரும்பி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். எவ்வளவு தேடியும் அன்றைக்கு அவள் தலையை என்னால் காண முடியவில்லை.

ஹெலன் விமான நிலையத்தில் இருந்து பயணப் பெட்டியுடன் நேரே வந்தார். சொன்னேன். சாய்வு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, "நான் இருந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன்" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை டொக்டரிடம் இருந்து செய்தி வந்தது. ஆள் பிழைத்துவிட்டான். ஆறில் இரண்டுடன் இரத்தம் உறையத் தொடங்கிவிட்டது. மிச்சம் நாலையும் பெட்டியோடு குளிரில் வைத்திருக்கிறார்கள், அன்றே திருப்பி அனுப்புகிறார்கள். செந்தில் என்னைத் தூக்கிச் சுற்றினான். ஏனென்றால் ஹெலன் அதற்குள் தூர மாநிலம் ஒன்றில் இருந்த நிலையத்துடன் பேசியிருந்தார். அவர்களிடம் எட்டுக் குப்பி, அவர்களுக்கும் ஆறு இருந்தாக வேண்டும், இரண்டு தரலாம் என்றிருந்தார்கள். நாலும் இரண்டும் ஆறு.

பெட்டி மத்தியானம் வந்தது. ஹெலன் நாடாவை வெட்டி, குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். துணியை உதறினார். பெட்டியைக் கவிழ்த்தார்.

"அட்டை எங்கே?"

முந்திய நாள் போட்டிருந்த மேற்சட்டை என் லொக்கரில் தொங்கியது. போய்ப் பையில் கை விட்டேன். இருந்தது. பதிவேட்டில் எழுத ஒரு கை வேண்டியிருந்ததால் அட்டையைப் பைக்குள் செருகியிருக்கிறேன். என் உடம்புச் சூட்டில் புள்ளி சிவந்துபோய் இருந்தது.

அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். செந்தில் மேசை லாச்சியைப் பார்த்தான். புதிதாக ஓர் அட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மூன்று பேரும் அதை நினைத்தோம் என்று எனக்குத் தெரியும். லாச்சிக்குள் ஒரு கட்டு வெள்ளை அட்டை இருந்தது. ஹெலன் அந்த லாச்சியைத் திறக்கவில்லை. "அடுத்த முறை இந்த மருந்து யாருடைய கைக்குப் போகுமோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாலு குப்பியையும் வெளியே எடுத்தார். அறிக்கையில், அட்டை நிலையத்தின் தவறால் வைக்கப்படவில்லை என்று எழுதினார். என் பெயரை எழுதவில்லை.

பதினாலு நாளும் அவர் தொலைபேசியை விடவில்லை. சிங்கப்பூரில் கேட்டார், ஐரோப்பாவில் கேட்டார், மருந்து செய்கிறவர்களிடமே மன்றாடினார். அவளை அந்தத் தூர மாநிலத்துக்கே அனுப்பிவிடவா என்று கேட்டதற்கு, மாநிலம் மாற்ற அனுமதி எடுக்க எட்டுக் கிழமை என்றார்கள். கூட்டைப் பூட்டி முத்திரை வைத்துவிடுகிறோம், நாலு மாதம் ஒருவரும் திறக்க மாட்டோம், அவள் பட்டினி தாங்குவாள் என்று அனுமதி வழங்கும் அதிகாரியிடம் சொன்னார். அந்த மனிதர் கெட்டவர் அல்ல. கண்ணாடியில் நெற்றி முட்ட நின்று பார்த்தார்.

"நாலு மாதத்துக்குள் இவள் குட்டி போடுவாள்" என்றார். "அப்போது யார் திறப்பது?"

குட்டிகளை மட்டும் வயிற்றைத் திறந்து எடுக்கலாமா என்று நான் கேட்டேன். வைத்தியர் இல்லை என்று தலையாட்டினார். பிறந்த நிமிஷத்தில் இருந்தே ஒவ்வொன்றும் விஷம் உள்ளது, ஒவ்வொன்றுக்கும் அதே சட்டம்.

பதினாலாம் நாள் காலை பத்து மணிக்கு வைத்தியர் வந்தார். செந்தில் லீவு போட்டிருந்தான். நானும் ஹெலனும் அவளைப் பாம்பு பிடிக்கிற பிளாஸ்டிக் குழாய்க்குள் ஏற்றினோம். அவசரப்படுத்தவில்லை. கம்பளிப்பூச்சி மாதிரி நேர்கோட்டில், இலைகளைக் கலைக்காமல், தானாகவே நகர்ந்து உள்ளே போனாள். ஒருமுறை மூச்சு விட்டாள், லொறி டயரில் காற்று இறங்குகிற சத்தம். என்னைப் பிடிக்கச் சொன்ன இடம் வயிறு. கையுறைக்கு மேலாலேயே உள்ளே அசைவது தெரிந்தது. ஊசி போட்ட பிறகும் அது கொஞ்ச நேரம் தெரிந்தது.

சட்டப்படி வயிற்றைத் திறந்து எண்ணிப் பதிய வேண்டும். வைத்தியர் செய்வதாகச் சொன்னார். ஹெலன், "இல்லை, நான் செய்கிறேன்" என்று கையுறை மாற்றினார். ஒவ்வொன்றாக எடுத்து, சுருளை விரித்து, நேராக்கி வைத்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் அதே கட்டங்கள், தலையில் அதே நரம்பு. நான் பக்கத்தில் நின்று எழுதினேன்.

முழுக்கணக்கு இது: சிட்னியில் ஒருவனின் வெட்டி எடுத்த வலது பெருவிரல். அவனைக் கடித்த பாம்பு, அதையும் கொன்றார்கள். எங்களிடம் இருந்த பதினாறு குப்பியில் அவன் உடம்புக்குள் பன்னிரண்டு, குப்பைக்குள் நாலு. அவள். வெள்ளைத் தட்டில் இருபத்தேழு குட்டிகள்.